உப்புக்காற்றில் வால்வு அம்பிளிபயர்

வால்வு அம்பிளிபயர்களை, அதாவது வெற்றிடக் கண்ணாடிக் குழாய்களால் ஒலியைப் பெருக்கும் பழைய கருவிகளை, புதுப்பிப்பது பற்றி எழுதுபவர்களில் பெரும்பாலானோர் குளிர்நாடுகளில் இருந்துகொண்டு எழுதுகிறார்கள். அவர்களுடைய அம்பிளிபயர் அறுபது ஆண்டுகள் ஓர் உலர்ந்த மேல்மாடத்தில் கிடந்து வெளியே வருகிறது. நம்முடையது வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒரு மண்திட்டில் மாரி மழையையும் கச்சான் எனும் வறண்ட காற்றையும் மாறிமாறிக் குடித்தபடி கிடந்து வருகிறது. ஆகவே அவர்கள் சொல்லும் வழிமுறைகளை அப்படியே பின்பற்றினால் பாதி வேலைதான் முடியும். இன்னொரு பக்கம், அவர்கள் ஆர்வத்தோடு பரிந்துரைக்கும் மாற்றங்களில் பல இங்கே தேவையற்றவை, சில தீங்கானவை. மட்டக்களப்பின் கல்லடியில் என் வீட்டுப் பின்னறையில் இந்த வேலையைச் செய்துவருபவன் என்ற முறையில் எனக்கு உறுதியாகத் தோன்றுவது ஒன்று உண்டு. ஒரு பழைய அம்பிளிபயரில் நாம் செய்யும் மாற்றம் எதுவானாலும், அதை வடிவமைத்தவர் அறிந்திருக்க முடியாத ஒரு நிலைமைக்கு விடையாக இருக்க வேண்டும். அவர் நன்றாக அறிந்து செய்த ஒன்றைத் திருத்துவதற்கு நாம் கை வைக்கக்கூடாது.

இதைச் சொல்ல நான் எடுத்துக்கொள்ளும் எடுத்துக்காட்டு ஒரு சோடி முல்லார்ட் 5-10 அம்பிளிபயர்கள். இவை தொழிற்சாலையில் செய்யப்பட்டவை அல்ல. பிரித்தானிய வால்வு உற்பத்தியாளரான முல்லார்ட் நிறுவனம் 1950களின் நடுப்பகுதியில், தன் வால்வுகள் விற்பனையாக வேண்டும் என்பதற்காகவே, வீட்டில் கட்டிக்கொள்ளத்தக்க சில சுற்றுகளை முழு விவரத்தோடு வெளியிட்டது. அவற்றுள் மிகவும் பரவியது இதுதான். ஐந்து வால்வுகள், பத்து வாற் வலு என்பதால் 5-10 என்று பெயர். முதற்கட்டத்தில் ஓர் ஈஎப் 86, ஒலியைச் சுமக்கும் மின்சைகையை ஒன்றுக்கொன்று எதிரான இரண்டாகப் பிரிப்பதற்கு, அதாவது கட்டம் பிரிப்பதற்கு, ஓர் ஈசிசி 83, வெளியீட்டில் புஷ்-புல் முறையில் (ஒன்று தள்ள மற்றது இழுக்க) இரண்டு ஈஎல் 84, மின்வழங்கலை ஒரே திசையில் ஓடும் மின்னாகச் சீராக்க ஓர் ஈசெட் 80 அல்லது 81. எழுத்துகளைப் படிக்கத் தெரிந்தால் வால்வின் சாதகமே கையில் இருக்கும்: ‘ஈ’ என்றால் 6.3 வோல்ற் ஹீற்றர் (வால்வைச் சூடாக்கும் இழை), ‘எல்’ என்றால் வெளியீட்டுப் பென்டோட் (ஐந்து மின்முனை வால்வு), ‘எப்’ என்றால் சைகைக்கான பென்டோட், ‘சிசி’ என்றால் ஒரே கண்ணாடிக்குள் இரண்டு ட்ரையோட் (மூன்று மின்முனை வால்வு), ‘செட்’ என்றால் முழு அலைச் சீராக்கி. எண் எண்பதுகளில் இருந்தால் ஒன்பது ஊசிகள் கொண்ட சிறிய அடித்தளம்.

இந்தச் சோடியைக் கட்டியவர் தந்தி அலுவலகத்தில் தொழில்நுட்பப் பணியில் இருந்தவர். அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய மனைவி என்னை அழைத்து, “மகன், இதப் பழைய இரும்புக்காரனுக்குப் போட மனம் வருகுதில்ல. பாடினாப் பாடட்டும், இல்லாட்டி நீயே வச்சிக்கொள்” என்று தந்தார். அலுமினியத் தகட்டைக் கையாலேயே மடித்து, வால்வுத் தளங்களுக்கான வட்டங்களைச் சிறுசிறு துளைகளாகத் துளைத்து அரத்தால் தேய்த்துச் செய்த சேஸி (அடிச்சட்டம்) அது. வட்டத்தின் விளிம்பில் அரத்தின் பல் பதிந்த கோடுகள் இன்றும் தெரிகின்றன. வயர்களை மெழுகு பூசிய நூலால் முடிச்சு முடிச்சாகக் கட்டியிருந்தார். தந்தி அலுவலகப் பழக்கமாக இருக்க வேண்டும். அடித்தகட்டின் உட்புறத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டப்பட்டு, அதில் பென்சிலால் ஒவ்வொரு வால்வின் ஊசிக்கும் எதிரே அவர் அளந்த மின்னழுத்தம் எழுதப்பட்டிருந்தது. மின்வழங்கல் 230, உயர் அழுத்தம் 312, ஈஎல் 84களின் கதோட் (இலத்திரன்களை வெளிவிடும் முனை) 10.7, 10.8. புதுப்பிப்பவனுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறு இல்லை. சுற்று வரைபடம் அம்பிளிபயர் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும். இந்தத் துண்டு, குறிப்பிட்ட இந்த அம்பிளிபயர் நலமாக இருந்தபோது எப்படி இருந்தது என்று சொல்கிறது.

முதல் வேலை மின்சாரத்தோடு தொடர்புடையதே அல்ல, ஈரத்தோடு தொடர்புடையது. நம் பகுதியில் கிடந்த அம்பிளிபயரைத் திறந்தால் பல்லி முட்டையின் ஓடுகள், எறும்பு கொண்டுவந்த மண், வால்வுத் தளங்களின் ஊசிப்பிடிகளில் பச்சைக் களிம்பு ஆகிய மூன்றையும் எதிர்பார்க்கலாம். இவை கண்ணுக்குத் தெரிபவை. தெரியாதது ட்ரான்ஸ்போமரின் கம்பிச் சுற்றுகளுக்கிடையே உள்ள காகிதத்தில் ஏறியிருக்கும் ஈரமும், றெசிஸ்டர்களை (மின்தடைகளை) தாங்கும் பழுப்பு நிறப் பலகையில் ஊறிய உப்பும். உப்பு ஏறிய பலகை உயர் அழுத்தத்தில் தானே ஒரு மெல்லிய கடத்தியாகிவிடும். நான் இத்தகைய வேலைகளைப் பெரும்பாலும் கச்சான் வீசும் மாதங்களில்தான் தொடங்குகிறேன். அந்தக் காற்றின் வறட்சி ஆட்களுக்குத் தொல்லையாக இருந்தாலும் ட்ரான்ஸ்போமர்களுக்கு மருந்து. வெயிலில் நேரடியாக வைப்பதில்லை. ஒரு மரப்பெட்டிக்குள் குண்டு பல்ப் ஒன்றை எரியவிட்டு, மேலே காற்றுப் போக வழிவிட்டு, அதற்குள் நாட்கணக்கில் இருக்கவிடுகிறேன். பிறகு மெகர் எனப்படும் காப்புமானியால் 500 வோல்ற் கொடுத்து, சுற்றுக்கும் இரும்புக்கும் இடையே தடையை அளக்கிறேன். உலரும்போது அந்த அளவு நாளுக்கு நாள் ஏறும். ஏறுவது நின்றால்தான் உலர்த்தல் முடிந்ததாகக் கொள்ளலாம். ஏறாமலே தாழ்ந்து கிடந்தால் அந்த ட்ரான்ஸ்போமரை மின்சாரத்தில் இணைக்கக்கூடாது.

வால்வுகளின் சைகையை ஸ்பீக்கருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் வெளியீட்டு ட்ரான்ஸ்போமர்தான் முழு அம்பிளிபயரின் உயிர். மற்ற எல்லாவற்றையும் கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவிலோ வெளிநாட்டுத் தபாலிலோ பெறலாம். ஈஎல் 84 இன்றும் ரஷ்யாவிலும் சுலோவாக்கியாவிலும் புதிதாகச் செய்யப்படுகிறது. ஆனால் முதன்மைச் சுற்றைப் பல பகுதிகளாகப் பிரித்து, அவற்றுக்கிடையே துணைச் சுற்றை அடுக்கி, 43 வீதத்தில் ஸ்கிரீன் கிரிட்டுக்கான (வெளியீட்டு வால்வின் உள்வலை ஒன்றுக்கான) கிளை எடுத்துச் சுற்றப்பட்ட ஒரு நல்ல ட்ரான்ஸ்போமர் போனால் போனதுதான். அந்தக் கிளை எடுக்கும் முறை அல்ட்ரா-லினியர் எனப்படுகிறது. 1951இல் அமெரிக்கர்களான ஹாப்ளர், கெரோஸ் இருவரும் எழுதிய கட்டுரையால் அது உலகெங்கும் பரவியது. முதன்மைச் சுற்றின் இரண்டு பாதிகளின் தடையையும் மல்டிமீற்றரால் அளந்து பார்க்க வேண்டும். உட்பாதியும் வெளிப்பாதியும் சுற்றின் நீளத்தால் சற்று வேறுபடுவது இயல்பு. ஒரு பாதி முடிவிலியைக் காட்டினால், உப்பு எங்கோ மயிரிழைச் செம்பைத் தின்றுவிட்டது என்று பொருள். இந்தச் சோடியில் நான்கு பாதிகளும் பிழைத்திருந்தன. 1978 நவம்பர் சூறாவளியில் அந்த வீட்டின் ஓடுகள் பறந்தபோது இவை ஒரு தேக்கு அலுமாரியின் உள்ளே இருந்தன என்று அந்த அம்மா சொன்னார்.

அடுத்தது முதல் மின்னூட்டல். பழைய அம்பிளிபயரை நேரே சுவரில் சொருகுவதைப் போல மடமை வேறில்லை. மின்வழியில் ஒரு 60 வாற் குண்டு பல்ப்பைத் தொடராக இணைத்துக்கொண்டால், உள்ளே எங்காவது குறுக்குச்சுற்று இருக்குமானால் பல்ப் முழுமையாக எரிந்து மின்னோட்டத்தைத் தடுத்துவிடும். எல்லாம் சரியென்றால் ஒரு கணம் பிரகாசித்து மங்கும். எல்ஈடி விளக்கு இதற்கு உதவாது. கடைகளில் இழை விளக்கு அருகிவிட்டது என்று கவலைப்படுபவர்களுக்கு ஒரு வழி: கோழித்தீவனம் விற்கும் கடைகளில் கேளுங்கள். குஞ்சுகளுக்குச் சூடு காட்டுவதற்காக அவர்கள் இன்றும் வைத்திருக்கிறார்கள்.

இனி கண்டென்சர்கள், அதாவது மின்தேக்கிகள். உண்மையில் புதுப்பித்தல் என்ற சொல்லின் முக்கால் பங்கு இதற்குள் அடங்கிவிடும். ஈசிசி 83இன் இலத்திரன்களைப் பெறும் முனையான அனோட்டிலிருந்து, ஈஎல் 84இன் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வலையான கிரிட்டுக்குச் சைகையைக் கொண்டுசெல்லும் கண்டென்சரின் கடமை, ஒரு பக்கம் நிற்கும் ஏறத்தாழ 200 வோல்ற் நேர்மின்னை மறுபக்கம் போகவிடாமல் தடுப்பது. அக்காலத்துக் காகிதக் கண்டென்சர்களின் உறை வெடித்து ஈரம் உட்புகுந்ததும் அது கசியத் தொடங்குகிறது. எவ்வளவு கசிந்தால் தீங்கு என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. ஏனெனில் சாதாரண மல்டிமீற்றர் அதை நல்லது என்றே காட்டும். கசிவின் தடை 20 மெகாஓம் என்று வைத்துக்கொள்வோம். 200 வோல்ற்றில் ஏறத்தாழ 10 மைக்ரோஅம்பியர் ஓடும். அந்த 10 மைக்ரோஅம்பியர், கிரிட்டிலிருந்து தரைக்குப் போகும் 470 கிலோஓம் றெசிஸ்டரின் ஊடாகச் செல்லும்போது கிரிட்டில் 4.7 வோல்ற் நேர்மின்னழுத்தத்தை உண்டாக்கிவிடும். கதோட்டில் 270 ஓம் றெசிஸ்டரின் குறுக்கே 10.8 வோல்ற் நிற்கிறது என்றால் வால்வில் 40 மில்லிஅம்பியர் ஓடுகிறது என்று பொருள். கிரிட்டில் வந்த அந்த நாலரை வோல்ற் சொச்சம் இதை 50 மில்லிஅம்பியருக்கு மேலே தள்ளிவிடும். அனோட்டுக்கும் கதோட்டுக்கும் இடையே 300 வோல்ற் என்றால், ஸ்கிரீன் எடுத்துக்கொள்ளும் சிறு பங்கைக் கழித்த பின்னரும் அனோட்டில் 14 வாற்றளவு வெப்பம் எழும். ஈஎல் 84க்கு முல்லார்ட் விதித்த எல்லை 12 வாற்.

என் மேசையில் நடந்ததும் அதுவே. வலப்பக்க அம்பிளிபயரின் ஒரு ஈஎல் 84இல் கதோட் 10.9 வோல்ற். அதன் சோடியில் 14.2. அறை விளக்கை அணைத்துப் பார்த்தபோது இரண்டாவது வால்வின் சாம்பல் நிற அனோட் தகட்டில், பக்கவாட்டு மடிப்பை ஒட்டி, ஒரு விரல்நகம் அளவுக்கு மங்கிய சிவப்பு தோன்றத் தொடங்கியிருந்தது. உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டு அந்தக் கறுப்பு நிறக் கண்டென்சரைக் கழற்றிப் பார்த்தால், அதன் அடிப்பக்கத்தில் மயிரளவு வெடிப்பு. வால்வைக் குற்றம் சாட்டிப் புதிது வாங்கியிருந்தால் புதியதும் அதே வழியில் போயிருக்கும். இணைப்புக் கண்டென்சர்களை எல்லாம் 630 வோல்ற் பொலிப்ரொப்பிலீன் வகைக்கு மாற்றினேன். அவை உப்புக்கும் ஈரத்துக்கும் அசையாதவை, விலையும் அதிகமில்லை. ஒன்றுக்குப் பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் ‘இசைக் கண்டென்சர்’களைப் பற்றி என் கருத்தைக் கேட்டால், அந்தப் பணத்துக்கு நல்ல வால்வுத் தளங்களை வாங்குங்கள் என்பேன். களிம்பேறிய தளம் எழுப்பும் கரகரப்பை எந்தக் கண்டென்சராலும் மறைக்க முடியாது.

கார்பன் றெசிஸ்டர்கள் ஈரத்தில் மேல்நோக்கியே நகர்கின்றன. 100 கிலோஓம் என்று நிறக்கோடு சொல்லும் ஒன்று 140ஐக் காட்டுவது நம் ஊரில் வழமை. கட்டம் பிரிக்கும் ஈசிசி 83இன் இரு அனோட் றெசிஸ்டர்களும் வெவ்வேறு அளவில் நகர்ந்திருந்தால் புஷ்-புல்லின் இரு பக்கங்களும் சமனற்றுப் போகும். அவற்றை மெட்டல் பிலிம் வகைக்கு மாற்றினேன். அளவு மாறாதவற்றை விட்டுவிட்டேன்.

மின்வழங்கலைச் சீர்செய்யும் எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்களைப் பொறுத்தவரை ஒரு தீராத ஆசை எல்லோருக்கும் வருகிறது: 50 மைக்ரோபரட் இருந்த இடத்தில் 220 போட்டால் இன்னும் நன்றாக இருக்குமே என்பது. சீராக்கியை அடுத்து நிற்கும் முதற் கண்டென்சர் 50 மைக்ரோபரட்டைத் தாண்டக்கூடாது என்பது ஈசெட் 81க்கு உற்பத்தியாளரே விதித்த வரம்பு. கண்டென்சர் பெரிதானால் அதை நிரப்பும் மின்னோட்டம் ஒவ்வொரு அரைச்சுற்றிலும் குறுகிய, உயர்ந்த துடிப்புகளாக வரும். வால்வின் கதோட் அதைத் தாங்காது, உள்ளே பொறி பறக்கும். சீராக்கியையே தூக்கிவிட்டுச் சிலிக்கன் டயோட் போடுவது அதைவிடக் கெட்டது. உயர் அழுத்தம் சில பத்து வோல்ற் கூடுவது ஒருபுறம் இருக்க, ஈஎல் 84களின் கதோட் சூடாகும் முன்பே முழு அழுத்தமும் வந்து நிற்கும். ஈசெட் 81 தானும் மெதுவாகவே சூடேறுவதால், மற்ற வால்வுகள் தயாராகும் நேரத்தில்தான் அழுத்தத்தைத் தருகிறது. வடிவமைத்தவர் அறிந்து செய்தது என்று நான் சொல்வது இதைத்தான். இணைப்புக் கண்டென்சர்களைப் பெரிதாக்குவதும் இதே வகை. வெளியீட்டிலிருந்து முதற்கட்டத்துக்கு 26 டெசிபெல் எதிர்ப் பின்னூட்டம் (வெளியீட்டின் ஒரு பங்கை எதிராகத் திருப்பிப் பிழையைக் குறைக்கும் முறை) திரும்பும் சுற்று இது. தாழ்ந்த அதிர்வெண்களில் அலையின் கட்ட நகர்வை நாம் குழப்பிவிட்டால், அம்பிளிபயர் வாவியில் போகும் இயந்திரத் தோணியைப் போல டப டப என்று தானே அடிக்கத் தொடங்கும், ஸ்பீக்கரின் கூம்பு முன்னும் பின்னும் வெளிப்படையாக அசையும்.

அப்படியானால் நான் மாற்றியவை எவை? முதலாவது, சுவரில் வரும் மின்னழுத்தம். அந்தத் துண்டுக் காகிதத்தில் 230 என்று இருக்கிறது. என் வீட்டில் மாலை ஏழு மணிக்கு ஊரெல்லாம் விளக்கும் மின்விசிறியும் ஓடும்போது 230 வருகிறது. நள்ளிரவில் 241. ஞாயிற்றுக்கிழமை நண்பகலில், கடைகளும் அலுவலகங்களும் மூடியிருக்க, சுற்றியுள்ள கூரைகளின் சூரியத் தகடுகள் எல்லாம் மின்சாரத்தை வழியில் ஏற்றும்போது 244 வரை போகிறது. 1960களில் இதைக் கட்டியவரின் கற்பனைக்கு எட்டாத நிலைமை இது. 244 என்றால் 6.3 வோல்ற் ஹீற்றர் 6.7ஐ நெருங்கும், 312 வோல்ற் 330ஐத் தாண்டும். பாட்டுக் கேட்க எனக்கு ஓய்வு கிடைப்பதோ ஞாயிறு நண்பகலில்தான்.

இதற்கு விலையுயர்ந்த நிலைநிறுத்தி தேவையில்லை. 230க்கு 9 வோல்ற், 2 அம்பியர் சாதாரண ட்ரான்ஸ்போமர் ஒன்றின் துணைச் சுற்றை மின்வழியோடு தொடராக, எதிர்க்கட்டத்தில் இணைத்தால் அது 9 வோல்ற்றைக் கழித்துவிடும். இரண்டு அம்பிளிபயர்களும் சேர்ந்து ஏறத்தாழ 140 வாற் எடுக்கின்றன, அதாவது 0.6 அம்பியர்தான். ஆகவே அந்தச் சிறு ட்ரான்ஸ்போமருக்கு இது பெரிய சுமையே அல்ல. இப்போது 244 வரும்போது அம்பிளிபயருக்கு 234.5 கிடைக்கிறது, ஹீற்றர் 6.4. மாலையில் 230 வரும்போது 221, ஹீற்றர் 6.05. இரண்டுமே ஐந்து வீத எல்லைக்குள். 12 வோல்ற் ட்ரான்ஸ்போமர் போட்டால் மாலையில் மிகவும் தாழ்ந்துவிடும் என்பதால் 9ஐத் தெரிவுசெய்தேன். கட்டம் தவறி இணைத்தால் கழிப்பதற்குப் பதிலாகக் கூட்டும். எனவே அம்பிளிபயரை இணைக்கும் முன் வெறும் பல்ப் ஒன்றை இணைத்து அளந்துகொள்ள வேண்டும். இன்னொன்று: அந்தத் துணைச் சுற்று இப்போது 9 வோல்ற் அல்ல, முழு மின்வழங்கலின் அழுத்தத்தில் நிற்கிறது. அதை ஏர்த் செய்த உலோகப் பெட்டிக்குள், பியூஸோடு வைக்க வேண்டும்.

இரண்டாவது, உள்ளீடு. 5-10இன் முதன்மை அம்பிளிபயர் 40 மில்லிவோல்ற் கிடைத்தாலே முழுப் பத்து வாற்றையும் தந்துவிடும். அக்காலத்து இசைத்தட்டுத் தலைகளையும் றேடியோ ட்யூனர்களையும் மனத்தில் வைத்து அமைத்த உணர்திறன் அது. இன்றைய சீடி இயந்திரமோ டிஜிட்டல் மாற்றியோ 2 வோல்ற் தருகிறது, அதாவது ஐம்பது மடங்கு. ஒலிக்கட்டுப்பாட்டைத் தொட்டவுடனே வீடு அதிரும். அதற்காக ஈஎப் 86ஐயே நீக்கிவிடும் மாற்றம் ஒன்று உலாவுகிறது. அதைச் செய்தால் பின்னூட்டக் கணக்கு முழுவதும் குலைந்துபோகும் என்பதால் நான் உடன்படவில்லை. உள்ளீட்டுச் சொருகியின் பின்னால் 47 கிலோஓமும் 4.7 கிலோஓமும் கொண்ட ஒரு பிரிப்பான் வைத்தால் போதும். 2 வோல்ற் 180 மில்லிவோல்ற்றாகக் குறைந்துவிடும், மிகுதியை ஒலிக்கட்டுப்பாடு பார்த்துக்கொள்ளும். நாளைக்கு ஒருவர் இதை வேண்டாம் என்றால் ஐந்து நிமிடத்தில் கழற்றிவிடலாம்.

மூன்றாவது, ஸ்பீக்கர். அக்காலத்து ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 15 ஓம், இன்றையவை 8 ஓம். ட்ரான்ஸ்போமரில் இருப்பதோ 15, 3.75 என்ற இரண்டு இணைப்புகள். 8 ஓம் ஸ்பீக்கரை 15 ஓம் இணைப்பில் போட்டால் வால்வுகள் காணும் சுமை பாதியளவுக்கு இறங்கி, உரத்த இடங்களில் அவை திணறும். 3.75இல் போட்டால் சுமை இரு மடங்குக்கு மேலாகி, வலு குறையும், ஆனால் ஒலி தூய்மையாக இருக்கும். எனது அறைக்குப் பத்து வாற் முழுவதும் தேவையில்லை என்பதால் 3.75ஐத் தெரிவுசெய்தேன். ஒவ்வொரு இணைப்புக்கும் பின்னூட்ட றெசிஸ்டரின் பெறுமானம் வேறு என்பதை மறந்துவிடக்கூடாது. முல்லார்ட் அதற்கும் தனித்தனிப் பெறுமானங்களை வெளியிட்டிருக்கிறது. ஸ்பீக்கரோ அதற்கு ஈடான றெசிஸ்டரோ இல்லாமல் சைகையை ஒருபோதும் கொடுக்கவேண்டாம். சுமையற்ற ட்ரான்ஸ்போமரில் எழும் அழுத்தம் உள்ளேயே பொறியடித்து அதைக் கொன்றுவிடும்.

பாதுகாப்பு பற்றி ஒரு விடயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் படித்தவர்கள்கூட இதில் ஏமாறுகிறார்கள். வீட்டில் ட்றிப் சுவிட்ச் இருக்கிறது, அது காப்பாற்றும் என்று நம்பி அம்பிளிபயருக்குள் கை வைக்காதீர்கள். ட்றிப் சுவிட்ச், வழியில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் வேறுபட்டால் மட்டுமே விழும். அம்பிளிபயரின் 312 வோல்ற் ட்ரான்ஸ்போமரின் மறுபக்கத்தில் இருக்கிறது. அது உங்கள் உடலின் ஊடாக ஓடினாலும் சுவரில் உள்ள சுவிட்சுக்கு அது தெரியவே தெரியாது. மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் கண்டென்சர்களில் அது தங்கியிருக்கும். அதனால் ஒவ்வொரு அம்பிளிபயரிலும் 220 கிலோஓம், 2 வாற் றெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாக இணைத்திருக்கிறேன், நிறுத்திய பின் தேங்கிய மின்னைத் தானே வடித்துவிடும். அப்படியிருந்தும் அளந்து பார்த்த பின்பே தொடுவேன். சேஸிக்கு ஏர்த் வயர் கட்டாயம். நம் கரையோர மணல் கோடையில் காய்ந்துபோனால் ஏர்த் கம்பி வெறும் அலங்காரமாகிவிடும். கிணற்றடி போன்ற ஈரமான இடத்தில் அதை அடிப்பது நல்லது. அடித்தகட்டின் துளைகளுக்கு நுளம்புவலையை ஒத்த மெல்லிய கம்பிவலை ஒட்டியிருக்கிறேன். காற்றுப் போகும், பல்லி போகாது.

ஒலி எப்படி இருக்கிறது என்று எல்லோரும் கேட்கிறார்கள். வால்வு என்றால் ‘இதமான’, சற்றே மங்கிய, தேன் தடவிய ஒலி என்ற நினைப்போடு வருபவர்கள் இந்த அம்பிளிபயரின் முன்னால் ஏமாந்துபோவார்கள். புஷ்-புல் அமைப்பு இரட்டை ஒத்திசைகளைத் தானே நீக்கிவிடுகிறது, பின்னூட்டம் மிகுதியை அடக்கிவிடுகிறது. ஆகவே நலமாக உள்ள ஒரு 5-10 தெளிவாகவே ஒலிக்கும். அது தேன் தடவியதுபோல் ஒலித்தால் எங்கோ ஒரு கண்டென்சர் பழுது என்று நான் முதலில் சந்தேகிப்பேன். வேறுபாடு வலுவின் எல்லையை நெருங்கும்போது தெரிகிறது. மத்தளத்தில் அடி விழும் கணத்தில், பத்து வாற்றுக்கு மேலே ஒரு நொடியின் சிறு பகுதிக்கு அம்பிளிபயர் தள்ளப்படும்போது, மலிவான ட்ரான்சிஸ்டர் அம்பிளிபயர் ஒன்று அலையின் தலையைக் கத்தியால் வெட்டியதுபோல் வெட்டும் இடத்தில், இது ஓரளவு வளைந்து கொடுக்கிறது. தென்மோடிக் கூத்து ஒன்றின் பழைய ஒலிப்பதிவைக் கேட்டபோது தோலின் நடுவில் விழும் அடிக்கும் ஓரத்தில் விழும் அடிக்கும் உள்ள இடைவெளி எனக்குத் தெளிவாகக் கேட்டது. நாதஸ்வரத்துக்கு இந்த அம்பிளிபயர் அவ்வளவு பெரிய நன்மை செய்வதாக நான் நினைக்கவில்லை. அதற்குத் தேவையானது நல்ல ஸ்பீக்கர்.

கண்ணகை அம்மன் கோயில் சடங்குக் காலத்தில் மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர்களைக் கேட்டு வளர்ந்த நம்மவர்களுக்கு அம்பிளிபயர் என்றால் வாற் எத்தனை என்பதே முதற் கேள்வி. பத்து என்று சொன்னால் சிரிக்கிறார்கள். ஒரு வாற்றுக்கு ஒரு மீற்றர் தூரத்தில் 90 டெசிபெல் தரும் ஸ்பீக்கருக்குப் பத்து வாற் கொடுத்தால் 100 டெசிபெல் வரும். சாதாரண வரவேற்பறை ஒன்றில் பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை மூட்ட அது தாராளமாகப் போதும்.

இப்போது அக்கரைப்பற்றிலிருந்து ஒரு நண்பர் பழைய மேசை றேடியோ ஒன்றைக் கொண்டுவந்து, கைத்தொலைபேசியை இணைத்துப் பாட்டுக் கேட்க ஒரு சொருகி வைத்துத் தரும்படி கேட்கிறார். திறந்து பார்த்தால் வால்வுகள் எல்லாம் ‘யூ’ எழுத்தில் தொடங்குகின்றன. ஹீற்றர்கள் யாவும் தொடராக 100 மில்லிஅம்பியரில் ஓடும் வகை. அதாவது உள்ளே மின் ட்ரான்ஸ்போமரே இல்லை, சேஸி நேரடியாக மின்வழங்கலின் ஒரு வயரோடு இணைந்திருக்கிறது. சொருகியை எந்தப் பக்கமாக மாட்டினோம் என்பதைப் பொறுத்து, அந்தச் சொருகியின் வெளிவளையத்திலும் கைத்தொலைபேசியின் உடலிலும் 230 வோல்ற் நிற்கலாம். முதலில் 230க்கு 230 தனிமைப்படுத்தும் ட்ரான்ஸ்போமர் ஒன்றை வாங்கி வாருங்கள், அதன் பிறகு பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன். அதன் விலை றேடியோவுக்கு அவர் கொடுத்த விலையைவிட அதிகம் என்பதால் நண்பர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.